டேஞ்சரக்கா

ரசாயனக் கிடங்கில் அவளுக்கு இருந்த ஒரே பெயர் டேஞ்சரக்கா. பதினொரு வருடங்களாக அமில டிரம்களிலும் வாயு சிலிண்டர்களிலும் ‘டேஞ்சர்’ என்ற சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவதுதான் வேலை. உள்ளே இருப்பது உயிரைக் குடிக்கும், கிட்டே வராதே என்பதே அந்தச் சொல்லுக்கு அர்த்தம். கிடங்கில் அது வேறு விதமாகப் புழங்கியது. சாப்பாட்டு டப்பாவை யாரும் தொடக்கூடாதா, ஒரு ஸ்டிக்கர். நாற்காலியை யாரும் இழுத்துக்கொண்டு போகக்கூடாதா, ஒரு ஸ்டிக்கர். கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே கிழித்துக் கொடுத்தாள்.

“என் மாமியாருக்கு ஒண்ணு குடும்மா,” என்பார் லாரி டிரைவர்.

“அவங்க உங்களுக்குன்னு ஒண்ணு கேட்டு வச்சிருக்காங்கண்ணே.”

அங்கேயே மூட்டை தூக்கும் அவள் தம்பியும் போன வாரம் ஒன்று வாங்கிப் போனான். தாயில்லாமல் அவள் இடுப்பில் வளர்ந்தவன். எதற்கென்று அவள் கேட்கவில்லை.

அன்று காலை ஒரு சிலிண்டரில் கசிவு. சூப்பர்வைசர் அதை நான்காம் அறையில், மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு, கதவில் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார். அவள் போனபோது அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது. யாரோ முந்திக்கொண்டார்கள் என்று திரும்பிவிட்டாள்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தால் தம்பியைக் காணோம்.

“அவன் எங்கண்ணே?”

“தூங்கப் போயிட்டான்,” என்றார் டிரைவர். “சூப்பர்வைசர் எட்டிப் பாக்கக் கூடாதுன்னு நாலாம் ரூம் கதவுல உன் ஸ்டிக்கரை ஒட்டி வச்சிருக்கானே, தெரியாதா?”

 சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

“உள்ள போகாதம்மா, செத்துருவ,” என்று சூப்பர்வைசர் குறுக்கே வந்தார். அவரைத் தள்ளிவிட்டு, நனைத்த துணியை முகத்தில் கட்டிக்கொண்டு நுழைந்தாள். கண் எரிந்தது. தரையைத் தடவியபோது ஒரு பாதம் தட்டுப்பட்டது. அசைவே இல்லை. இரண்டு கைகளாலும் பற்றி வாசல்வரை இழுத்தாள். மீதி தூரம் டிரைவர் தூக்கினார்.

வெளிக்காற்றில் நெடுநேரம் கிடந்தபின் அவன் இருமினான்.

“கதவுல எழுதியிருந்ததைப் பாக்கலையாடா?”

“பாத்தேன்கா,” என்றான் மூச்சுக்குத் தவித்தபடி. “நம்மளதுதானேன்னு போனேன்.”

ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் நெஞ்சில் கை வைத்து, அது ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.