அனுசியாவின் ஆனி மாதம்

அனுசியாவுக்கு ஆனி மாதம் பிடிக்கும் என்றால் ஊரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். ஆனிக் காற்றில் வாயைத் திறந்தால் மண். கொடியில் போட்ட சேலையை அடுத்த தோட்டத்து முள்வேலியில் போய்த்தான் எடுக்க வேண்டும். குலை தள்ளிய வாழைக்கெல்லாம் முட்டுக் கொடுத்த பிறகும் எது எப்போது சாயுமோ என்று தோட்டத்தையே பார்த்திருக்கிற மாதம் அது. ஆனாலும் அவளுக்கு அதுதான் மாதம். அந்தக் காற்றுக்குப் பயந்து தங்க வருகிறவர் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஆறுமுகநேரிக்கு மேற்கே வாய்க்கால் கரையோரம் அவர்களுக்கு மூன்று ஏக்கர். பாதிக்கு மேல் ஏத்தன் வாழை, மிச்சத்தில் முருங்கையும் தென்னையும், தொழுவத்தில் இரண்டு பசு. வீட்டை ஒட்டி மூன்று ரூம். ‘பண்ணை வீடு, தங்கும் வசதி, காலை உணவு உண்டு’ என்று வாசலில் போர்டு. போர்டில் இருப்பது காலை உணவு மட்டும்தான். வந்தவர்கள் மூன்று வேளையும் அங்கேயேதான் கை நனைத்தார்கள்.

இதற்கு முன்னால் சென்னை கொளத்தூரில் முப்பது வருஷம் மளிகைக் கடை. கடைக்குப் பின்னாலேயே குடித்தனம். பருப்பு மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்து, ஒரே மகள் செல்வராணியை வளர்த்து ஆளாக்கினாள் அனுசியா. ‘அண்ணாச்சி, கால் கிலோ ரவை’ என்று யாராவது ஷட்டரைத் தட்டினால் போதும், புருஷன் தங்கதுரை சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடுவார். அவருடைய அப்பா இறந்த செய்தி வந்த அன்றுகூட, ஊருக்குப் பஸ் ஏறுகிற வரைக்கும் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்து வியாபாரம் பார்த்த மனுஷன். கல்நெஞ்சம் என்று சொல்ல முடியாது, அழுதுகொண்டேதான் பொட்டலம் மடித்தார். தேடி வந்த ஆளைத் திருப்பி அனுப்ப அவருக்கு வராது. என்ன செய்ய, அப்படி ஒரு பிறவி.

மகள் கல்யாணமாகி சிங்கப்பூர் போனதும் கடையை விற்றுவிட்டு ஊருக்கு வந்தார்கள். இனி என் வீட்டில் என் இஷ்டத்துக்கு இருப்பேன் என்றாள் அனுசியா. இருந்தாள், ஒரே ஒரு வெயில்காலம். அந்த ஐப்பசியில், கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் ரூம் கிடைக்காத ஒரு குடும்பம் தெரிந்தவர் சொல்லிக் கூடத்தில் தங்கிப் போனது. போகும்போது கையெடுத்துக் கும்பிட்டது. தங்கதுரை முகத்தில் பழைய கடைக்களை திரும்பியதை அவள் அன்றைக்கே பார்த்துவிட்டாள். செத்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அதோடு காலண்டர் அவள் கையை விட்டுப் போனது. சஷ்டிக்கு வருகிற விரதக்காரர்களுக்குப் பாலும் பழமும் தயாராக இருக்க வேண்டும். மார்கழியில் உப்பளத்துப் பக்கம் பறவை பார்க்க வருகிறவர்கள், விடியுமுன்னே கேமராவும் கையுமாக நின்று பால் விடாத கட்டங்காப்பி கேட்பார்கள். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலைத் தேடி பம்பாய்க்காரர்கள் வருவார்கள். ஊரில் இருந்த வீடு இடிந்து போனவர்கள், ஒரு ரூமில் எட்டுப் பேர், அத்தனை பேருக்கும் வெந்நீர். இதற்கு நடுவில்தான் வாழைக்கன்று வைப்பதும் களை வெட்டுவதும் இலை அறுத்துக் கட்டுவதும். ஒத்தாசைக்குப் பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் வருவாள். அவள் கை ஒரு பங்கு வேலை செய்தால் வாய் மூன்று பங்கு செய்யும்.

ஆனி பிறந்தால் கேட்டில் சங்கிலி விழும். அனுசியா நைட்டியோடு முன்கூடத்தில் காலை நீட்டி மத்தியானம் முழுக்கத் தூங்குவாள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை குளிக்காமல் திரிவாள். பழைய சோறும் சுட்ட கருவாடும் போதும். நாறுகிறது என்று முகம் சுளிக்க ஆள் கிடையாது. யாரைப் பார்த்தும் சிரிக்க வேண்டாம். அந்த ஒரு மாதத்தை நம்பித்தான் மற்ற மாதங்களைத் தள்ளினாள்.

இந்த வருஷம் வைகாசி விசாகக் கூட்டம் போய், விரிப்பெல்லாம் துவைத்து முடித்த அன்று தங்கதுரை அடுப்படி வாசலில் வந்து நின்றார். அவர் அங்கே சும்மா நிற்கிற ஆள் இல்லை.

“ஏளா, நம்ம ஊரு கெமிக்கல் ஆலையில ஆனி பூரா மெயின்டனன்ஸாம். குஜராத்துல இருந்து இஞ்சினியருமாரு நாலு பேரு வாராவ. வெங்காயம், பூண்டு ஆவாதாம். சப்பாத்தி போட்டாப் போதும்.”

“மெயின்டனன்ஸ்னா என்னது?”

“மிசினையெல்லாம் நிறுத்திப் போட்டு, கழத்தித் தொடச்சு மாட்டுவாவ. ஓயாம ஓடுனா தேஞ்சு போவும்லா?”

“அப்போ மிசினுக்கு ஒரு மாசம் லீவு. எனக்கு?”

தங்கதுரைக்கு அது கேள்வியாகவே படவில்லை. “வாரேங்கவங்கள வராதீயன்னா சொல்ல முடியும்?”

“சொன்னா குடியா முழுகிப் போவும்?”

“வாக்குக் குடுத்துட்டேன்ளா” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

குடிக்கிற புருஷன், அடிக்கிற புருஷன் என்றால் சண்டை போட வழி இருக்கும். இவர் குரலைக்கூட உயர்த்தாதவர். தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கேட்க வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை என்பது அதைவிட வலித்தது.

இஞ்சினியர்கள் வந்து இறங்கிய அன்று காலையில் அவர்களுக்கு இரண்டு ரூம் திறந்து கொடுத்தாயிற்று. பேச்சித்தாய் மாவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அனுசியா குளித்தாள். கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையை எடுத்துக் கட்டினாள். நாலு உடுப்பைப் பையில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கி, வாழைக்குள்ளே சுற்றி, முன்கேட்டைத் திறந்துகொண்டு வந்து தங்க வருகிறவர்கள் பேரைத் தங்கதுரை எழுதுகிற மேஜைக்கு எதிரே நின்றாள்.

“ரூம் இருக்கா?”

“என்னளா கோலம் இது? அங்கன சப்பாத்திக்கு நேரமாவுது…”

“ரூம் இருக்கா, இல்லையா?”

“மூணாம் நம்பர் இருக்கு.” வாய் தன்னாலே சொல்லிவிட்டது. சரக்கை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லிப் பழகாத வாய்.

“ஆனி முடியுத வரைக்கும் வேணும்.” சாவியை அவளே எடுத்துக்கொண்டாள்.

எத்தனையோ தடவை விரிப்பு மாற்றிய கட்டில், ஆனால் அதில் அவள் படுத்தது அன்றுதான். தலையணை ரொம்ப உயரம். பாவம், இத்தனை பேரும் கழுத்து வலியோடா போனார்கள் என்று நினைத்தாள். ஜன்னல் வழியே பார்த்தால் வாழைத்தோட்டம் முழுக்கக் காற்றில் குனிந்து நிமிர்ந்து கொண்டிருந்தது. அதில் வேலையைத் தவிர வேறொன்றை அவள் இதுவரை பார்த்ததில்லை.

கதவு தட்டப்பட்டது. “ஏளா, பெருங்காயம் எங்கன இருக்கு?”

“நான் தங்க வந்தவ. ஒங்க அடுப்படி வெவரம் எனக்கு என்ன தெரியும்?”

“வசமா மாட்டுனிய அண்ணாச்சி!” என்று பேச்சித்தாய் சிரிக்கிற சத்தம் கேட்டது.

முதல் நாள் சப்பாத்தியில் ஒன்றுகூட வட்டமாக இல்லை. இஞ்சினியர்கள் பசியில் வாய் பேசாமல் சாப்பிட்டார்கள். தங்கதுரை மூணாம் நம்பருக்கும் தட்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் காப்பி வந்தது. கழுநீர் மாதிரி இருந்தது. அதைக் குடித்தாள். அவர் கையால் போட்ட காப்பியை அவள் குடிப்பது அதுதான் முதல் தடவை. அடுத்து வந்த நாட்களில் அவர் விரலில் சூடு பட்டுக் கொப்புளம் கிளம்பியிருந்ததைப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. காலைக் கீழே ஊன்றிவிட்டு, மறுபடியும் மேலே எடுத்து வைத்துக்கொண்டாள். இன்றைக்கு எழுந்தால் சாகிற மட்டும் எழுந்தே இருக்க வேண்டியதுதான்.

அந்த வாரக் கடைசியில் தங்கதுரை கதவைத் திறந்தார். கையில் போன். வாய் வைக்கிற பக்கத்தை உள்ளங்கையால் பொத்தியிருந்தார்.

“ஆலையில இருந்து பேசுதாவ. இன்னும் ரெண்டு பேரு வாராவளாம். ரூம் கேக்காவ.”

‘காலி பண்ணு’ என்று சொன்னால் அனுசியா எழுந்துவிடுவாள். அது அவளுக்கே தெரியும். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வெள்ளை விரிப்பில் அவள் பாதம் இரண்டும் சேலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. குதிகால் முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள்ளே தோட்டத்துக் கரம்பை மண். தங்கதுரை அதையே பார்த்தபடி நின்றார். போனில் அந்தப் பக்கம் யாரோ ‘ஹலோ, ஹலோ’ என்றார்கள்.

உள்ளங்கையை எடுத்தார். “ரூம் இல்லீங்க” என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். “இல்லீங்க. ஆள் இருக்காவ.”

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அனுசியா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். இஞ்சினியர்களுக்குக் கேட்குமே என்றெல்லாம் பார்க்கவில்லை, வாய்விட்டு அழுதாள்.

பேச்சித்தாய் மாவுக்கையோடு ஓடி வந்தாள். “ஐயோ அண்ணாச்சி, மைனியா அழுவுதாவ?”

“மூணாம் நம்பர்ல தங்கியிருக்கவுக” என்றார் தங்கதுரை. “கதவத் தட்டாத. வா, மாவப் பெசைவோம்.”