மேல்வீட்டுக்கு வைத்த முதல் காலடி

பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மேல்வீட்டில் வியட்நாமைச் சேர்ந்த ஓர் அக்காவும் தம்பியும் குடியிருந்தார்கள். இருவரும் பல்கலைக்கழகத்தில் படித்தார்கள். எந்த நாட்டுக் கொண்டாட்டத்தையும் விடமாட்டார்கள். ஹாலோவீனுக்குப் பேயாக வந்து எங்கள் கதவைத் தட்டினார்கள். நத்தார் மரத்தை பெப்ரவரி வரை கழற்றாமல், தங்கள் புத்தாண்டின் சிவப்பு உறைகளையும் அதிலேயே தொங்கவிட்டார்கள்.

அந்தப் புத்தாண்டுக்கு முந்தின வாரம் அக்காக்காரி கீழே வந்தாள். புத்தாண்டன்று வீட்டுக்குள் முதலில் கால் வைப்பவரின் ராசிதான் வருடம் முழுக்க நிற்குமாம். அவர்கள் கணக்கில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மிருகம் உண்டு; என் கணவர் பிறந்த ஆண்டைக் கேட்டாள்.

"குதிரை! மிக நல்லது, மெஸ்யூ. நீங்கள்தான் வரவேண்டும்."

அவரை அதுவரை யாரும் ராசிக்காரர் என்று சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. புத்தாண்டன்று காலை பட்டு வேட்டி கட்டி, அதன்மேல் பனிக்கோட்டும் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார்.

வெளிப்படிக்கட்டு முழுக்க ஐஸ். வேட்டியோடு சறுக்கி விழுந்துவிடுவாரே என்று, நான் உப்பு வாளியுடன் முன்னே ஏறி, ஐஸ் கரைய ஒவ்வொரு படியாகத் தூவிக்கொண்டு போனேன். மேலே சென்றதும் கதவு திறந்தது. "ஐயோ, குளிர்!" என்று தம்பிக்காரன் என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டான்.

அக்காக்காரி திகைத்து நின்றாள். "மதாம், நீங்கள் பிறந்த ஆண்டு?"

சொன்னேன்.

"புலி!" என்று அலறினாள். அந்த ஆண்டுக்காரர் முதலில் வரவே கூடாதாம்.

பாதிப்படியில் நின்ற என் கணவருக்கு அந்த ஒரு சொல்தான் கேட்டது. "நோ, நோ! நாங்கள் அப்பிடியான ஆக்கள் இல்லை!" என்று இரு கைகளையும் உயர்த்தினார். பிறகு என்னிடம், "நீர் அங்கை என்ன கதைச்சனீர்?"

"நான் பிறந்த வருசத்தைச் சொன்னனான். பேசாமல் ஏறி வாங்கோ."

சைகோனில் இருந்த தாயை வீடியோவில் அழைத்தார்கள். அந்த அம்மா யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: உப்பு வாளியோடு வந்தவள் விருந்தாளி இல்லை, வேலைக்கு வந்தவள்; கணக்கில் சேராது.

நான் திரும்பவும் வெளியே போய்ப் பனியில் நின்றேன். என் கணவர் என்னைத் தாண்டி, புதுப்பெண்போல வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்.

உள்ளே முன்னோர் படங்களுக்கு முன்னால் பழம், சோற்றுக் கட்டி, ஊதுபத்தி. நடுவில் இதய வடிவில் ஒரு சொக்கிலேட் பெட்டி. அது காதலர் தின வாரம்.

"தாத்தாவுக்குச் சொக்கிலேட் பிடிக்குமா?" என்று படத்தில் இருந்த கிழவரைக் காட்டிக் கேட்டேன்.

"தெரியாது, மதாம். உயிரோடு இருந்தபோது ஒருவரும் கொடுக்கவில்லை" என்றாள் அக்காக்காரி.

நாங்களும் கும்பிட்டோம். பெட்டி திறந்ததும், நல்ல நாளில் மறுக்கக்கூடாது என்று சொல்லி, சீனி வருத்தக்காரரான என் கணவர் மூன்று துண்டு சாப்பிட்டார்.