யாரோ ஒருவர் கேட்ட கோப்பு

தீவுக்கும் கரைக்கும் நடுவே கார்களை ஏற்றிப் போகும் மஞ்சள் படகை ஸ்தூரே எடெல்மான் ஓய்வு பெறும் வரை ஓட்டினார். நேரத்தில் கறார். ஒரு நவம்பர் மழையில் அவருடைய மனைவி மாய்கென் கையில் கடைப் பையோடு ஓடி வந்தாள். தடுப்புக் கம்பி இறங்கிவிட்டிருந்தது. அவள் கரையில் நின்று கையைத் தூக்கினாள். இவரும் பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் படகை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த படகு வரை அவள் நனைந்தாள். பெண்டாட்டியையே கரையில் விட்டுப் போன மனுஷன் என்று ஊரே பல வருடம் சொல்லிச் சிரித்தது. மாய்கெனும் சேர்ந்து சிரித்தாள். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் இல்லை. சண்டையும் இல்லை. காலையில் காபி, மாலையில் வானொலியில் கடல் வானிலை, நடுவில் நல்ல மௌனம். மனதில் என்ன ஓடுகிறது என்று ஒருவரை ஒருவர் கேட்பது அந்த வீட்டில் அடுத்தவர் அலமாரியைத் திறப்பதற்குச் சமம். இதை மரியாதை என்றுதான் இருவரும் எண்ணினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் இப்படித்தான் குடும்பம் நடத்துகிறோம், அதில் பெருமை வேறு.

மாய்கெனின் இதயம் தளர்ந்ததும் முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. ஸ்தூரே தினமும் மதியத்துக்குமேல் ஏலக்காய் ரொட்டி வாங்கிக்கொண்டு போவார். அவள் பாதியைத் தின்பாள், மீதியை இவர் தின்பார். இல்லம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஒரு பிப்ரவரி விடியலில் போன் வந்தது. இரவே மூச்சு அடங்கிவிட்டதாம். அவளுக்கு முடியவில்லை என்பது சாயங்காலத்திலிருந்தே அவர்களுக்குத் தெரியுமாம். இவர் அன்று தூங்கவே இல்லை, போன் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. ஏன் ஒருவரும் கூப்பிடவில்லை? இந்த ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அன்று இரவுப் பணியில் இருந்த செவிலி கரோலா அவர் குடியிருக்கும் கட்டடத்திலேயே ஒரு மாடி மேலே இருந்தாள். படியேறிக் கதவைத் தட்டியிருந்தால் முடிந்தது. ஆனால் ஒருத்தியின் வீட்டு வாசலில் நின்று அவளைச் சங்கடப்படுத்துவது எப்படி? ஆகவே அவர் தலைநகரத்தில் இருக்கும் அரசாங்க முறையீட்டு ஆணையத்துக்கு எழுதிப் போட்டார். மேல் மாடியில் கேட்க வேண்டியதைத் தலைநகரத்தில் கேட்கிற புத்தி எங்களுக்கு மட்டும்தான் வரும்.

ஆணையத்துக்கு வரும் முறையீட்டை இந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர்களுக்கு அதுதான் வாரக் கூலி. அடுத்த வியாழனே செய்தி வந்தது: 'முன்னாள் படகோட்டியின் மனைவி தனியாக இறந்தார்.' கரோலாவின் பெயரை எழுதவில்லைதான். ஆனால் இரவில் யார் வேலை பார்க்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியாதா? கடையில் அவள் வரிசையில் வந்து நின்றால் பேச்சு அடங்கியது. கோடைக்குள் அவள் வேலையை விட்டாள். பெட்ரோல் நிலையத்துக் கல்லாவில் உட்கார்ந்தாள். ஸ்தூரேயைப் படிக்கட்டில் பார்த்தால் தலையசைப்பாள். அவர் அசைக்கமாட்டார்.

இலையுதிர் காலத்தில் முடிவு வந்தது. ஊழியர்கள்மீது குறை காண இடமில்லை என்று இரண்டே வரி. காரணம் ரகசியக் காப்புக்கு உட்பட்டதாம். ஸ்தூரேக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இல்லம் ஆணையத்துக்கு அளித்த பதில் கோப்பில் இருந்தே தீரும், அதைப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார். ஆனால் மறுபடி பெயர் கொடுத்தால் மறுபடி பத்திரிகை. அரசாங்கத்திடம் காகிதம் கேட்பவன் தான் யார் என்று சொல்லத் தேவையில்லை என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது, அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. முகவரி கேட்டுவிடுவார்களே என்று தபாலையும் நம்பாமல், பிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டு ரயிலேறித் தலைநகரத்துக்கே போனார்.

கோப்பறையில் தின்டிரா என்ற இளம்பெண் இருந்தாள். கோப்பு எண்ணைப் பார்த்ததும் அவள் சற்றுத் தயங்கினாள்.

"இதுல ஒருத்தங்களோட உடம்பு சம்பந்தமான விஷயம் இருக்கு. நீங்க யாருன்னு சொன்னா, உங்களுக்கு எவ்வளவு காட்டலாம்னு பார்ப்பேன். சொல்ல விருப்பமில்லேன்னா, யாரோ ஒருத்தர்னு வெச்சுத்தான் பார்க்க முடியும்."

"யாரோ ஒருத்தன்தான்," என்றார் ஸ்தூரே.

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமே இல்ல."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சட்டம் எனக்கும் தெரியும்."

காகிதங்கள் வந்தன. தேதி தெரிந்தது, கையெழுத்து தெரிந்தது. மற்றதெல்லாம் கறுப்புப் பட்டை. ரயிலில் ஜன்னலோரம் அந்தப் பக்கங்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார், பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார். எதிரே இருந்தவர் தன் பத்திரிகையை நாகரிகமாக இன்னும் உயரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். மனைவியின் கடைசி இரவுக்கு அந்நியனாகத் தன்னைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அப்படியே கூடத்து முக்காலியில் உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் போன் செய்து பெயரைச் சொன்னார். தின்டிராவுக்குக் குரல் நினைவிருந்தது. "நேத்தே சொல்லியிருக்கலாமே, ஸ்தூரே," என்றாள், குத்தலாக அல்ல. இரண்டு வாரத்தில் உறை வந்தது. இந்த முறை பட்டைகள் குறைந்திருந்தன. மூன்றாம் பக்கத்தில் இருந்தது அவர் தேடியது. 'கணவருக்குத் தகவல் சொல்லலாமா என்று செவிலி மூன்று முறை கேட்டார். வேண்டாம் என்று அம்மையார் தெளிவாகச் சொன்னார். அதற்கு அவர் கூறிய காரணம்:' அதற்குப் பிறகு நான்கு வரி கறுப்பு.

அவர் தின்டிராவைக் கூப்பிட்டார்.

"அந்த நாலு வரி எனக்கும் கிடையாதா? நான் அவ புருஷன்."

"அதனாலதான், ஸ்தூரே. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அவங்களே கேட்டுக்கிட்டிருக்காங்க. போனவங்க விருப்பத்தை நாங்க மீற முடியாது. நீங்க நீதிமன்றத்துக்குப் போகலாம், எப்படின்னு உறையிலேயே இருக்கு."

"நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன்," என்றாள் அவள். பிறகு, "மன்னிச்சுக்கோங்க," என்றாள்.

முன்பின் தெரியாத பெண்ணுக்குத் தெரியும், தனக்குத் தெரியாது. அவருக்கு யார்மீது கோபப்படுவது என்றே புரியவில்லை. மாய்கென், பனியில் அந்த வழுக்குப் பாதையில் இந்த மங்கிய கண்களை வைத்துக்கொண்டு ஓடி வந்து விழுந்து தொலைப்பாரே என்று தடுத்தாளா? அல்லது கடைசி நேரத்திலாவது இந்த முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம் என்று தடுத்தாளா? இரண்டுக்கும் நான்கு வரி போதும்.

ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தின் அடித்தளத்துச் சலவை அறையில் அவருடைய முறை. அடுத்த முறை கரோலாவுடையது. வழக்கமாக அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஓடிவிடுவார். அன்று ஓடவில்லை. அவள் கூடையோடு வந்தபோது இரட்டைப் படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாமல் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"பேப்பர் வந்துது, கரோலா. நீங்க கேட்டிருக்கீங்க. மூணு தடவை."

அவள் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஊர் உங்களை அப்படிப் பேசினப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"அவங்களுக்கு வாக்குக் குடுத்தேன்," என்றாள் கரோலா. "சட்டம் அதுக்கப்புறம்தான்."

"என்னால உங்க வேலை போச்சு."

"ஆமா, போச்சு," என்றாள் அவள். மழுப்பவில்லை. கூடையை வைத்துவிட்டு விரிப்பின் மறுமுனையைக் கையில் எடுத்தாள். இருவரும் இழுத்துப் பிடித்து, அருகே வந்து, மடித்தார்கள். அவளுடைய முகம் கிட்டத்தில் வந்தபோது அவர் கேட்டுவிட்டார்.

"கோபமா சொன்னாளா, கரோலா? அதை மட்டும் சொல்லுங்க. தலையை ஆட்டினாப் போதும்."

கரோலா அவரைப் பார்த்தாள். கண் நிறைந்தது, தலை அசையவில்லை. மடித்த விரிப்பை அவருடைய கைகளில் வைத்தாள்.

"நான் அவங்க கையைப் பிடிச்சிட்டிருந்தேன்," என்றாள். "அதைச் சொல்லலாம்."

அவர் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. கெடு தாண்டும் வரை உறையைச் சமையலறை மேசையில் வைத்திருந்தார், பிறகு எடுத்து உள்ளே வைத்தார். இப்போது நல்ல நாட்களில் படகுத்துறை வரை நடந்து போய்த் தடுப்புக் கம்பி ஓரம் நிற்கிறார். படகோட்டும் பையன் அவருக்குக் கையாட்டுகிறான். ஸ்தூரே பதிலுக்கு ஆட்டுவதில்லை. அந்த மழையில் மாய்கென் கையைத் தூக்கியது போய்வா என்றா, நில் என்றா என்பதை, கேட்க எத்தனையோ வருடம் இருந்தும், அவர் அவளிடம் கேட்டதே இல்லை.