நீங்களும் மெட்டி போட்டிருக்கீங்களா?

பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. அங்கே பெல்ட்டில் வரும் பொட்டலங்கள் மெட்டல் டிடெக்டரின் சதுர வாய்க்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறும். உள்ளே இரும்புத் துணுக்கு இருந்தால் அது அலறிப் பொட்டலத்தைத் தள்ளிவிடும். எதுவும் இல்லாதபோதும் அலறுகிறது என்று பழுதுபார்க்க என்னை அழைத்திருந்தார்கள். விஜயதசமிக்கு அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை.

"அந்தம்மா வந்து நின்னாதான் கத்துது. மெட்டிதான் காரணம்" என்றார் சூப்பர்வைசர், கன்னடம் கலந்து பேசும் கோலார் தங்கவயல்காரர். அவர் காட்டியது டிடெக்டரை ஒட்டிய ஒரு பலகை மேல் நின்று பொட்டலம் அடுக்கும் பெண்ணை. "இல்லன்னா நீ பவரை ஸ்வல்ப கம்மி பண்ணிடு குரு."

குறைத்தால் நிஜமான இரும்பும் தப்பிப் போகும். முடியாது என்றேன். அப்படியானால் அந்தம்மாவை நாளை முதல் குடோனுக்கு, மாலை ஷிப்டுக்கு மாற்றிவிடுகிறேன் என்றார்.

"ஸ்கூல் விட்டு வர்ற பொண்ணுக்குக் கதவு தொறக்க நான்தான் சார் இருக்கேன்" என்றார் அந்தப் பெண். "மெட்டிய நேத்தே கழட்டிட்டேன். தாலிக்குக்கூட மஞ்சக் கெழங்குதான் கட்டியிருக்கேன். இன்னும் எதைக் கழட்டறது?"

இன்னொரு முறை ஏறி நிற்கச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. முகம் கோணாமல் தன் பலகை மேல் ஏறினார். காலி பெல்ட், ஆனாலும் அலறியது. இறங்கினார், அடங்கியது. கடிகாரம், பெல்ட், ஷூ எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நான் ஏறினேன். அலறியது.

"அண்ணா, நீங்களும் மெட்டி போட்டிருக்கீங்களா?" என்றார் அந்தப் பெண்.

லைன் முழுக்கச் சிரித்தது. பிரச்சினை ஆளில் இல்லை, பலகையில் என்பது அப்போதே தெளிவானது. நாள் கிழமை கேட்பது என் பழக்கம். எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன்.

"பூஜை லீவு முடிஞ்சி வந்ததுலேர்ந்து" என்றார் அந்தப் பெண்.

குனிந்து பார்த்தேன். பலகையின் இரும்புச் சட்டத்துக்கும் டிடெக்டரின் காலுக்கும் நடுவே ஒரு கட்டுக்கம்பி. அதன் முடிச்சில் காய்ந்த வாழைநார் ஒட்டியிருந்தது. ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று கட்டியவர்கள் கன்றை எடுத்துவிட்டுக் கம்பியை மறந்திருக்கிறார்கள். பலகையில் ஆள் ஏறினால் சட்டம் இறங்கிக் கம்பியைத் தொடும். மின்சாரம் சுற்றிவர ஒரு வளையம் உண்டாகும். இயந்திரம் அதை இரும்பென்றே எடுத்துக்கொள்ளும். கம்பியை வெட்டினேன். அந்தப் பெண் ஏறினார். அமைதி.

சூப்பர்வைசர் கம்பியை வாங்கிப் பார்த்தார். சத்தமில்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். நானும் ரிப்போர்ட்டில் 'சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் எழுதியிருப்பேன். அவரோ எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "நான் கட்டுனதும்மா இது. தப்பு என்னுது. நீ இங்கியே நில்லு."

அந்த வார்த்தைக்காக அவருக்கும், அவ்வளவு பேச்சுக் கேட்ட பிறகும் என்னை நம்பிப் பலகையில் ஏறியதற்காக அந்தப் பெண்ணுக்கும் ஒவ்வோர் ஆயுத பூஜையின்போதும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.

அன்று அந்தப் பெண் பொட்டலங்களை அடுக்கத் தொடங்கியபடியே சொன்னார்: "அப்போ கம்பிய குடோனுக்கு அனுப்பிடுங்க சார்."