துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்த கோடை

பிற்பகல் இரண்டே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. தகராறும் அப்போதே தொடங்கிவிட்டது.

ராயகிரியில் என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கும், மாப்பிள்ளையின் பெரியப்பா மகன் வீட்டுக்கும் ஒரே பங்குக் கிணறு. ஒருநாள் இவர்கள் இறைத்தால் மறுநாள் அவர்கள். முறை என்பது நாள் கணக்குதான். கரண்ட் இருந்ததா இல்லையா என்பது அதில் சேராது. முந்தின நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. என் முறை வீணாகிவிட்டது, இன்றைக்கு நான்தான் போடுவேன் என்று அந்த அண்ணன் மோட்டார் அறைக்கு முன்னால் நின்றிருக்கிறார். உன் நாள் நேற்றோடு போய்விட்டது என்றிருக்கிறார் மாப்பிள்ளை. கோடைக் கிணறு, யார் முதலில் போட்டாலும் மற்றவருக்குச் சேறுதான் மிஞ்சும்.

பேச்சு முற்றியதும் மாப்பிள்ளை வீட்டுக்கு ஓடினார். அந்த வீட்டில் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. மலையடிவாரத்தில் கடலைக்காட்டுக்குப் பன்றி வருவதால் அவருடைய அப்பா லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தது. என் மகள் அடுப்படியில் நின்று பார்த்ததை என்னிடம் சொன்னாள்.

"பீரோவுக்குப் பின்னால கைய விட்டாக. இல்லன்னதும் சுவரத் தடவுனாக. என்னைப் பாத்தாக. பெறகுதான் நெனப்பு வந்துது போல."

அது எண்பதாம் வருஷம், சட்டசபைத் தேர்தல் சமயம். தேர்தல் முடியும்வரை லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அதைத் துணியில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் ஒப்படைத்துவிட்டு வந்ததே மாப்பிள்ளைதான். கோபத்தில் மறந்துவிட்டார். கையில் அகப்பட்ட மண்வெட்டியின் மரப்பிடியோடு திரும்பிப் போய் அடித்தார். அண்ணனுக்கு மண்டை உடைந்தது.

அவரை எங்கள் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடம் விடுமுறை. வீட்டிலிருந்த நான் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். தலையில் தையலோடு அவர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "ஒங்க மாப்பிள்ளைக்குக் குறி தப்பிட்டு டீச்சர்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வெளியே மரத்தடியில் ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து ரத்தம் அப்படி, மானத்தைத் தொட்டால் விடமாட்டான் என்று பெருமையும் சலிப்புமாக ஒருவர் சொன்னார். பட்டாளத்திலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் அதை ஒப்புக்கொண்டார். பட்டாளத்தில் ஆளுக்கொரு துப்பாக்கி இருந்தது, யாரும் யாரையும் சுட்டுக்கொள்ளவில்லை, எல்லாம் மனுஷன் புத்தியில் இருக்கிறது என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சாயங்காலம் அத எண்ணி உள்ள வச்சுப் பூட்டிருவாகல்லா அண்ணாச்சி?"

அவர் பீடியைப் பற்றவைத்தார்.

அன்றிலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ரத்தம் அதேதான். மானம், கிணறு, கோபம் எல்லாம் அன்றைக்கும் இருந்தன. பீரோவுக்குப் பின்னால் ஒரு சாமான் மட்டும் இல்லை. அதனால்தான் ஒரு மனிதர் உட்கார்ந்து காபி குடித்தார். இதில் வாதாட என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஸ்டேஷனுக்கு அதைக் கொண்டுபோகும் பழக்கம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் இருந்தது, வீட்டிலேயே வேண்டாம் என்று சொல்லும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. யோசித்து யோசித்து அலுத்துப்போனேன்.

தேர்தல் முடிந்தால் துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிடும். அதற்குள் பேசிவிட வேண்டும் என்று ராயகிரிக்குப் பஸ் ஏறினேன். பெண்ணைக் கொடுத்த இடத்தில் போய் நியாயம் பேசாதே என்று என் வீட்டுக்காரர் தடுத்தார். கேட்கவில்லை.

சம்பந்தி மோர் கொடுக்கச் சொல்லி, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "கடலையப் பன்னி தின்னா நீங்களா மதினி தருவீக?" என்றார். கொஞ்சம் இறங்கி, "துப்பாக்கிக்கார வீடுன்னுதான் ஊர்ல நமக்குப் பேரு. ஸ்டேஷன்லயே கெடக்கட்டும்னா, பயந்துட்டான்னுல்லா சொல்லுவான்" என்றார்.

மாப்பிள்ளை பஸ் நிறுத்தம்வரை என்னோடு வந்தார். நல்ல பிள்ளை. பையை வாங்கித் தானே தூக்கிக்கொண்டார். "சுடவா போறேன் அத்தை, மெரட்டத்தான் தேடுனேன்" என்றார். பொய் சொல்லவில்லை. மிரட்டுவதோடு நின்றிருப்பார் என்று அவர் முழுசாக நம்பினார். எனக்குப் பயம் அதுதான். வீட்டிலிருந்து கிளம்புமுன் மகளிடம் ஒன்றுதான் சொல்லியிருந்தேன்: அது வாசலுக்கு வந்தால் நீ யாரையும் கேட்க வேண்டாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு.

ஓட்டு எண்ணி முடித்தார்கள். எங்கள் தெருவில் வெடி போட்டபோதெல்லாம் அந்தத் துப்பாக்கிதான் நினைவுக்கு வந்தது. துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டதாகச் சிவகிரிப் பக்கமிருந்து வந்த ஒருவர் சொன்னார். அதன்பின் ராயகிரி பஸ் வரும் நேரமெல்லாம் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் பஸ் ஹாரன்கூடச் சரியாகக் கேட்காது.

ஒரு வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் தெருமுனையில் மகள் தெரிந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு பை. ஓடிப்போய்க் குழந்தையை வாங்கினேன். அவள் அழவில்லை. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அத எடுத்துட்டு வந்துட்டாகம்மா. எங்களுக்கும் சேத்து ஒலை வையி."