குச்சியின் நிழல் காணோம்

இன்று முதலில் கண்ணில் பட்டது மண்தொட்டியில் நட்ட குச்சிதான். அதற்கு நிழலே இல்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி வீட்டு மொட்டைமாடியில் வடாம் காயவைப்பது என் வேலை. குச்சியின் நிழல், பங்குனியில் மாமி போட்ட கரிக்கோட்டைத் தொட்டால் உச்சிவேளை. உடனே வடாமைத் திருப்ப வேண்டும். தவறினால் வெடித்துவிடும். எனக்கு முன்னால் இருந்தவளை அதற்காகவே அனுப்பிவிட்டார்கள்.

இன்றோ சித்திரை வெயிலில் நிழல் சுருங்கிச் சுருங்கி, கோட்டுப் பக்கமே போகாமல் மறைந்துவிட்டது.

"சரோஜாக்கா, நிழலக் காணோம்க்கா!"

உடன் வேலை செய்யும் சரோஜாக்கா சிரித்தாள். "உன் நிழல் மட்டும் எங்கடி இருக்கு? பேய்க்குத்தான் நிழல் கிடையாதாம்!" சொல்லிவிட்டுச் சாப்பிட இறங்கிப் போய்விட்டாள்.

குனிந்து பார்த்தேன். என் நிழல் எந்தப் பக்கமும் நீளவில்லை.

எகிப்தில் கல்தூணின் நிழலை வைத்து நேரம் பார்த்தார்கள் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். நிழல் காணாமல் போனால் என்ன செய்தார்கள் என்ற பாடம் வருவதற்குள் என் படிப்பை நிறுத்திவிட்டார்கள்.

"என்னடி, திருப்பியாச்சோ?" என்று கீழிருந்து மாமி கேட்டாள்.

கைகளை முன்னால் நீட்டினேன். தரையில், கைகளுக்கு நேர் கீழே, இரண்டின் நிழல்களும் விழுந்தன. நான் பேயில்லை; சூரியன்தான் நேர் உச்சியில் நின்றது.

அந்தக் கைகளாலேயே வடாமைத் திருப்பத் தொடங்கினேன்.