பெயர் தைத்த சட்டை

உச்சிமாகாளி என்ற பெயரைச் சட்டைப் பைக்கு மேல் தைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரகடத்துக் கம்பெனிக்காரன் தைத்துவிட்டான். பையோரம் தொடங்கிய 'உ', கடைசி 'ளி' வருவதற்குள் அக்குளுக்குள் போய்விட்டது. ரூமில் இருந்த மற்ற மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வந்து, மூன்று வருஷம் கான்ட்ராக்ட்டில் குப்பை கொட்டியவனுக்குப் பெயர் போட்ட நீலச் சட்டை கிடைப்பதென்றால் சும்மாவா? அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் பிள்ளைப்பாக்கத்தில் எல்லப்பன் நாலு பேருக்கும் வீட்டை வாடகைக்கு விட்டார். அவர் மனைவி கோவிந்தம்மா, அவன் மஞ்சள் காமாலையில் படுத்தபோது பதினைந்து நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள்.

எல்லப்பனுக்கு ஏரிக்கரையில் நாற்பது சென்ட் நிலம் இருந்தது. சுற்றி எல்லாரும் விற்றுவிட்டார்கள், அவர் மட்டும் மாட்டேன் என்றார். 2010 ஆவணியில் ஒரு காலை, நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்த உச்சிமாகாளி, மோட்டார் கொட்டகை வாசலில் அவரை ஒருவன் வெட்டுவதைப் பார்த்தான். நல்ல வெயில். பத்தடி தூரம். வெட்டியவன் நிமிர்ந்து இவனைப் பார்த்துவிட்டு, ஓடக்கூட இல்லை, நடந்துதான் போனான்.

எல்லப்பன் அங்கேயே செத்துப்போனார். பார்த்தவன் இவன் ஒருவன்தான். இவன் சொன்னால் கேஸ் நிற்கும், சொல்லாவிட்டால் இல்லை. ரூம்காரன்கள் ஊருக்கு ஓடிவிடச் சொன்னார்கள். கோவிந்தம்மா அழுதுகொண்டே கையைப் பிடித்தாள்.

"நீ கண்டத மட்டும் சொல்லு தம்பி. வேற இன்னா கேக்கப் போறேன் உன்னாண்ட?"

கஞ்சி குடித்த வாய். சொன்னான்.

பிடிபட்ட ஆள் நில புரோக்கர் கோபால். அவனை அடையாளம் காட்டச் சிறைக்கு வரச் சொன்னார்கள். இங்கேதான் அந்தப் பைத்தியக்காரப் பிள்ளை ஒரு காரியம் செய்தான். லீவு நாள்தான், வேறு சட்டையும் இருந்தது. ஆனால் மாஜிஸ்திரேட் வரும் இடத்துக்குப் பனியன் போட்ட பொறுக்கி மாதிரியா போவது? துவைத்து இஸ்திரி போட்டு, கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டு போனான். வீடு பார்க்க, பெண் பார்க்க, கோயிலுக்கு என்று எல்லா நல்ல காரியத்துக்கும் அங்கே பையன்கள் அதைத்தான் போடுவார்கள். வரிசையில் நின்ற பத்துப் பேரில் கோபாலின் தோளைத் தொட்டு, "இவர்தான்" என்றான். கோபால் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சைப் பார்த்தான். நிதானமாக, அக்குள் வரைக்கும் படித்தான்.

ஜாமீனில் கோபால் வெளியே வந்த வாரமே, விடியற்காலை பஸ் ஸ்டாப்பில் ஒரு பைக் நின்றது.

"உச்சிமாகாளி, இந்த வாரம் ஏ ஷிஃப்டா?" என்றான் பைக்கில் இருந்தவன். அவ்வளவுதான். ஷிஃப்ட் மாறியது, "பி ஷிஃப்டா?" என்று கேட்டான். மணிமங்கலத்துக்கு ரூம் மாறினான். அந்த ஸ்டாப்பிலும் அதே பைக். கம்பெனி பஸ் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வரும் என்பது ஊரறிந்த விஷயம். அதே பஸ்ஸுக்கு, அதே நேரத்துக்கு, பெயர் எழுதின சட்டையோடு நிற்பவனைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளனா வேண்டும்?

அப்புறம் அம்மா போன் செய்தாள்.

"ஏய்யா மாகாளி, ஒங்கூட வேல பாக்கவுங்கன்னு ரெண்டு பேரு வந்திருந்தாவ. மிச்சரு வாங்கிட்டு வந்தாவ. ஒன்னப் பத்தியேதான் பேச்சு. நல்ல மனுசங்க."

அவன் கூட வேலை பார்ப்பவர்கள் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. ஊர் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று அரசு வக்கீலிடம் ஓடினான். அவர் கோபப்படவில்லை, பாவம், களைத்துப்போன மனுஷர்.

"குற்றப்பத்திரிகை நகலை எதிரிக்குக் கொடுத்தாகணும்பா, அதான் சட்டம். அதுல உன் பேரு, விலாசம், நீ சொன்னது எல்லாம் கீது."

"அப்ப எனக்கு என்ன சார் பாதுகாப்பு?"

"சாட்சிக்குப் பாதுகாப்புன்னு தனியா சட்டம் இல்ல. கொண்டாரணும்னு டெல்லியில எழுதி வெச்சிக்கிறாங்க, வரல. ஆனா சாட்சிய மெரட்டினா அது தனிக் குத்தம். நீ கம்ப்ளெயின்ட் குடு."

"குடுத்தா?"

"கேஸ் போடுவாங்க."

"அதுக்கு யாரு சார் சாட்சி?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீதான்," என்றார்.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள். சாட்சிக்காரன் யார் காலில் விழுவது என்று எவனாவது சொல்லி வைத்தானா? மூன்று வருஷம் அவன் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் அந்தப் பைக்குக்குப் பதில் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினான். சாப்பாடு இறங்கவில்லை. சட்டை தொளதொளத்தது.

2014 பங்குனியில் சம்மன் வந்தது. செங்கல்பட்டுக் கோர்ட்டுக்குப் பெயரில்லாத வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். கோவிந்தம்மாவும் சாட்சி என்பதால் உள்ளே விடவில்லை, அவள் முறை அடுத்த வாய்தாவில். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள் அவனைப் பார்த்ததும் எழுந்து, "ரொம்ப எளைச்சிட்டியே தம்பி," என்றாள்.

உள்ளே அரசு வக்கீல் கோபாலைக் காட்டி, "இவரைத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"சம்பவத்தைப் பார்த்தீர்களா?"

"இல்ல. போலீஸ் சொல்லச் சொன்னதச் சொன்னேன்."

பிறழ்சாட்சி என்று எழுதிக்கொண்டார்கள். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. மூன்றரை வருஷம் நெஞ்சில் கிடந்தது இறங்கும் என்று நினைத்தான், இறங்கவில்லை.

வெளியே கோவிந்தம்மா கையைப் பிடித்தாள். "நல்லா சொன்னியாப்பா?"

அவன் தலையாட்டினான். அடப்பாவி, தலையாட்டிவிட்டான்! அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்குப் பொறக்கறது நல்லா இருக்கும்," என்றாள். "வா, பஸ்ஸுல எடம் புடிக்கறேன். பேசிக்கினே போலாம்."

அவள் முன்னால் ஓடினாள். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கோபால்.

"ஏறு தம்பி. உன் ஸ்டாப்பு தெரியாதா எனக்கு?"

ஏறமாட்டேன் என்று சொல்லலாம். கோபால் ஒன்றும் செய்திருக்க மாட்டான், அவன் வேலை முடிந்துவிட்டது. ஆனால் பஸ்ஸில் ஏறினால் அவள் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். அவள் கேட்பாள், இவன் சொல்ல வேண்டும். உச்சிமாகாளி காரில் ஏறிக் கதவைச் சாத்தினான்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் கார் கொஞ்ச நேரம் நின்றது. பக்கத்தில் பஸ். ஜன்னலோரம் கோவிந்தம்மா இருந்தாள். பக்கத்து சீட்டில் அவள் பை. நின்றுகொண்டிருந்தவர்கள் அதை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டார்கள். அவள் பையின் மேல் கையை அழுத்தி வைத்துக்கொண்டு, "ஆளு வருது, ஆளு வருது," என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.